ஏழரை மணிப் படத்துக்கு முன் ஓர் ஆட்டம்

மாலை ஆறு ஐம்பதுக்குத் தோட்ட மண்டபத்தில் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, கறுப்புத் திரையில் இடமும் வலமுமாக ஓடிய ஒரு வெள்ளைப் புள்ளி. இரு ஓரங்களிலும் நின்ற கோடுகளில் அது மோதும்போதெல்லாம் "டொக்" என்றது. எழுபதுகளின் கடைசியில், செமோருக்கு அப்பாலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்குமாக அந்த ஒரே தொலைக்காட்சிதான் இருந்தது. அதில் கணக்கெழுதும் கிராணியின் மகன் தேவன், ஈப்போவில் வாங்கிய விளையாட்டுப் பெட்டியைச் செருகி, அதன் திருகு குமிழைப் பிடித்துப் பந்தாடிக்கொண்டிருந்தான்.

பிறகு எண்பதுகளில் ஈப்போ பேருந்து நிலையத்தருகே காசு போட்டு ஆடும் எந்திரங்கள் பலவற்றில் கைவைத்திருக்கிறேன். தேர்ந்த ஆட்டக்காரன் அல்ல. ஆனாலும் என் தீர்ப்புகள் இன்றுவரை மாறவில்லை. வரிசை வரிசையாக இறங்கும் பூச்சிகளைச் சுடும் ஆட்டத்தில் ஜெயிப்பது என்பதே இல்லை, சாவதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். புள்ளிகளை விழுங்கும் மஞ்சள் வாய் அழகாகச் செய்யப்பட்டது, ஆனால் பாதையை மனப்பாடம் செய்தவனுக்கு அதில் வேலை இல்லை. சாலையைக் கடக்கும் தவளை பரவாயில்லை. ஈப்போ சந்தை நாளில் நடந்து பழகியவர்களுக்கு அது சுலபம். எல்லாவற்றையும்விட உயர்ந்தது அந்த வெள்ளைப் புள்ளிதான், ஏனென்றால் அதில் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று ஏழரைக்குத் தமிழ்ப் படம். வாரத்துக்கு ஒன்றுதான். ஏழு இருபதுக்குள் தொழிலாளர் லயத்துப் பெண்கள் பாய் விரித்துக் குழந்தைகளோடு நிறைந்துவிட்டார்கள். தேவன் நிறுத்துவதாக இல்லை. நிறுத்தச் சொல்லவும் யாரும் இல்லை. காலைப் "பெரட்டில்" பெயர் கூப்பிட்டு, யாருக்குச் சமதளத்து நிரை, யாருக்கு ஏறி இறங்க வேண்டிய மலை நிரை என்று மரங்களைப் பிரித்துக் கொடுப்பவர் அவனுடைய அப்பா. ஆகவே எல்லாரும் புள்ளியையே படம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் அக்கா கனகா எழுந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, மரம் சீவப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து, "வேணாம்டி, நாளைக்கு நிரை பிரிக்கிறது அவங்கப்பா" என்றார். அக்கா உதறிவிட்டு முன்னால் போனாள்.

"தம்பி, நானும் ஒரு ஆட்டம் ஆடுறேன்லா. நான் ஜெயிச்சா படத்தைப் போட்டுடு."

"கரண்ட் அடிக்காதுக்கா, பயப்படாம பிடிங்க," என்றான் தேவன். அவனுடைய கூட்டாளிகள் சிரித்தார்கள்.

முதல் ஐந்து பாயிண்டும் அவனுக்கே போயின. பின்னாலிருந்து பாக்கியம் அத்தை, "கனகா, பட்டைய சீவுற மாதிரி திருப்புடி, கட்டைல படாம," என்றார். அக்கா அதுவரை குமிழை முழங்கையிலிருந்து திருப்பியவள், தோளையும் முழங்கையையும் அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் மயிரிழை அளவு திருப்பத் தொடங்கினாள். மரத்தைக் காயப்படுத்தாமல் மெல்லிய பட்டையை மட்டும் எடுக்கிற கை அது. கோடு நடுங்கவே இல்லை. புள்ளி போகுமிடமெல்லாம் அது முன்கூட்டியே போய் நின்றது. பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று அக்கா ஜெயித்து ஆட்டம் முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. கிராணி வாசலில் நின்றிருந்தார்.

தேவன் சொன்ன சொல் தவறாதவன். ஒயரைப் பிடுங்கினான். படம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அக்கா பாயில் வந்து உட்கார்ந்து, "யாருடி இவ, கதாநாயகியா?" என்று பக்கத்தில் கேட்டாள்.

அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள். பெரட்டும் லயமும் இல்லை. என் கைப்பேசியில் இருபது ஆட்டங்கள் இருக்கின்றன. பேருந்தில் திறந்து, இறங்குவதற்குள் மூடிவிடுகிறேன். எதிரே ஆள் இல்லாதவை.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் பெரட்டில் அக்காவுக்கு மலை நிரை கொடுத்தார்கள். கல்யாணமாகிக் காம்பாருக்குப் போகும்வரை அவள் அங்கேதான் சீவினாள்.