அது நண்டே இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், புரட்டாசி விரதம் முடிந்த மறுநாள் மத்தியானம். புக்கிட் ரம்பாயில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க மீன் பொரிக்கிற வாசம். ஒரு மாதமாகப் பருப்பும் பயத்தங்காயும் சாப்பிட்டு என் கணவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. மஸ்ஜித் தானா பக்கம் வேலையாகப் போனவர், சாலையோரத்தில் பெலாங்காஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு ஓடும், ஊசி மாதிரி ஒரு வாலும் உள்ள கடல் பிராணி. தமிழில் குதிரைலாட நண்டு என்பார்கள். அதன் முட்டை என்றால் அவருக்கு உயிர். எனக்கு அந்த வாடையே ஆகாது. அவரே சுட்டார், அவரே தின்றார்.

நான் தட்டைக் கழுவுவதற்குள் உதடு மரத்துப்போகிறது என்றார். காணாததைக் கண்ட மாதிரி மிளகாயை அள்ளி வைத்துத் தின்றால் அப்படித்தான் என்று கேலி செய்தேன். எழுந்து நடந்தவர் தடுமாறிச் சுவரைப் பிடித்ததும் என் கேலி அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போதே அவருக்குப் பேச்சு குழறியது.

அவசரப் பிரிவில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். நண்டு என்றேன். அதற்குமேல் சொல்லத் தோன்றவில்லை. சிலருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாதே, அதற்கான ஊசியைப் போட்டார்கள். இனி சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். ஆனால் அவர் கை துவண்டது, இமை விழுந்தது, மூச்சு சின்னதாகிக்கொண்டே போனது.

அங்கிருந்த தமிழ் டாக்டர், இளம்பெண், உடம்பில் தடிப்பே இல்லையே என்று யோசித்தார். எந்த மாதிரி நண்டு, மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவள் குப்பைத் தொட்டியைக் கிளறி, ஓட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"அக்கா, இது நண்டே இல்ல. பேருதான் நண்டு. சிலந்தி, தேளுக்குத்தான் இது சொந்தம். இதுல ஒரு வகைக்கு விஷம் இருக்கு, மூச்ச நிறுத்திடும்."

வாலைத் தனியாகப் படமெடுக்கச் சொன்னார். பட்டை விளிம்பு இல்லாத, உருளையான வால். விஷமுள்ள வகைக்கு அப்படித்தான் இருக்குமாம். முறிக்க மருந்து கிடையாது, விஷம் தானாக இறங்கும்வரை மெஷின்தான் மூச்சு கொடுக்க வேண்டும் என்றார். தொண்டையில் குழாய் இறக்க ஏற்பாடு நடந்தது. அவர் கட்டை மாதிரி கிடந்தார். நான் நாத்தனாரிடம் போனில், உன் அண்ணன் போய்விடுவார் போலிருக்கிறது என்று ஓவென்று அழுதேன்.

டாக்டர் என் தோளைத் தொட்டார். "மெதுவா லா அக்கா. உடம்புதான் அசையல. அவருக்கு எல்லாம் கேக்குது."

குழாய் இறக்கும்வரை அவர் காதருகே குனிந்து, பயத்தை விழுங்கிக்கொண்டு, ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மறுநாள் அவர் விரல் அசைந்தது.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தபின் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "நீ அழுதது கேட்டுச்சு. நான் இருக்கேன்னு சொல்ல வாய் வரல."

ஒரு பிராணியை நண்டோடு சேர்ப்பதா, சிலந்தியோடு சேர்ப்பதா என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பரீட்சைக்குத்தான் என்று இருந்தவள் நான். அன்றைக்கு அந்த டாக்டர் பெண் அதைச் சரியாகப் பிரித்துப் பார்த்திராவிட்டால், என் கணவர் இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்டது என் அழுகையாகத்தான் இருந்திருக்கும்.