நாங்கள் சிரித்த குறட்டை

என் மூத்த மகளுக்கு வருடத்தில் இரண்டு முறை தொண்டை வீங்கிக் காய்ச்சல் வரும். டான்சிலை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று நானே முடிவு செய்து, தாராவியிலிருந்து மாட்டுங்காவிலுள்ள ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பள்ளி விடுமுறை என்பதால் ஏழு வயது இளையவளும் கூட வந்தாள்.

"ரெண்டு தடவைக்கெல்லாம் எடுக்க வேண்டாம். மருந்திலேயே சரியாயிடும்," என்றார் டாக்டர்.

அதற்குள் இளையவள் நாற்காலியிலேயே தூங்கிக் குறட்டை விட ஆரம்பித்தாள்.

"இவ எப்பவும் இப்படித்தான் டாக்டர். கிளாஸ்லயும் தூங்குதான்னு டீச்சர் சொல்லுதாங்க," என்று சிரித்தபடி போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். ஒரே அறையில் வரிசையாகப் படுக்கும் எங்கள் வீட்டில் அவள் குறட்டை பெரிய வேடிக்கை. நான்தான் அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. வீடியோவில் குறட்டை நின்றதும் மேஜையில் விரலைத் தட்டி எண்ணினார். பன்னிரண்டு வரை போனது. பிறகுதான் என் மகள் திணறி மூச்சை இழுத்தாள்.

"பாத்தேளா, மூச்சு நின்னு போறது. டான்சில் அடைச்சுண்டிருக்கும். டெஸ்ட் பண்ணிடலாம். ஆபரேஷன் தேவைன்னா அது இவளுக்குத்தான்."

டெஸ்டும் அதையே சொன்னது. வகுப்பில் தூங்கியதற்காக அவளை நான் இரண்டு முறை அடித்திருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து இப்போது சத்தமில்லாமல் தூங்குகிறாள். குரூப்பிலிருந்து அந்த வீடியோவை அழிக்கப் பார்த்தேன்; நாளாகிவிட்டதால் முடியவில்லை. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். முதல் பொம்மை நான் போட்டது.