அப்பா மறந்த முறை

சுடுசோற்றில் கெண்டைமீன் குழம்பை ஊற்றும்போது எழுகிற புளிவாசம் வந்துவிட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் வாயைத் திறந்தாக வேண்டும். சாப்பிட மட்டும் அல்ல. பாபநாசம் பக்கத்தில் வாய்க்காலை ஒட்டிய வீடு எங்களுடையது. பொழுது சாய்ந்து சோற்றுக்கு உட்கார்ந்ததும், அன்று நடந்ததைக் கடைசியிலிருந்து காலைவரை பின்னோக்கிச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் வீட்டுப் பெயர் "திருப்பிச் சொல்றது". நான் ஒன்றை விட்டாலும் தம்பி துள்ளுவான்: "அக்கா, வளையல்காரர் வந்ததை முழுங்கிட்டே!"

அப்பாவை மட்டும் யாராலும் மடக்க முடியாது. தண்ணீர் குறைகிற நாட்களில் எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்கிற "முறை" முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. ஊரார் கேட்பார்கள், அவர் சொல்வார், அதோடு சரி.

ஒரு வருஷம் வாய்க்காலில் தண்ணீர் நூலாகத்தான் ஓடியது. முறை தவறி யாரும் மடை திறக்காதபடி காவலுக்கென்று அப்பா வாரக்கணக்கில் இரவெல்லாம் கரையிலேயே கிடந்தார். தூக்கம் போய், டீதான் ஆகாரம் என்றாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடி, "கால் கழுவினேன். அதுக்கு முன்னாடி நம்ம மடையத் திறந்து விட்டேன்" என்று ஆரம்பித்தார். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னங்க சொல்றீங்க? நம்ம முறை நேத்தே முடிஞ்சுதே! பாய்ச்சிட்டேன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"நேத்தா?" என்றார் அப்பா.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. நேற்று என்கிற நாளே அவரிடம் இல்லை.

அன்று பக்கத்து வயல் கோவிந்தன் மாமாவின் முறை. அவருடைய நாற்று ஏற்கெனவே வாடித் தலை சாய்ந்திருந்தது. அன்றைக்கும் ஈரம் காணாவிட்டால் கருகிவிடும். கைகூடக் கழுவாமல் ஓடினோம். மண்வெட்டியும் கையுமாக மாமா கரையில் நின்றார். தண்ணீருக்காக மண்டை உடைந்த ஊர் அது. அவர் கையை ஓங்கவில்லை.

"ஊருக்கே முறை சொல்ற வாய் மச்சான் இது. இனிமே நாங்க யாரப் போய்க் கேக்குறது?"

அடித்திருந்தால்கூட அப்பா அப்படிக் குன்றியிருக்க மாட்டார். குனிந்து எங்கள் மடையை அடைத்தார். அம்மாதான் பேசினாள்: "திருட்டுத்தனம் இல்ல தம்பி. அவரு கண்ணப் பாரு. தூங்காத தலையில என்ன தங்கும்? இனிமே காவலுக்கு நான் வர்றேன்."

மாமாவின் நாற்று பிழைத்தது. அப்பா அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். பிறகு தினமும் விடியலில் கரையோரம் நடந்து, ஒவ்வொரு மடையருகிலும் நின்று, அந்த வயல்காரர் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். ஒருநாள் மாமாவே எதிரில் வந்து, "சரி மச்சான், நாளைக்கு யாருக்கு?" என்று கேட்டார். அப்பா சொன்ன பதில் சரியாக இருந்தது. அதைவிட, மாமா கேட்டார் என்பதில்தான் அவருக்கு உயிர் வந்தது.

இன்று முறை செல்போனில் வருகிறது. அண்மையில் ஊருக்குப் போனபோது டவர் இல்லை. தண்ணீர் வந்துவிட்டது; கரையில் நின்றவர்களோ போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நேத்து யாரு பாய்ச்சினீங்க? அதுக்கு அடுத்த ஆளைக் கண்டுபிடிச்சிடலாமே" என்றேன். ஒருவருக்கும் நினைவு வரவில்லை. கடைசியில் ஒருவர் தன் வயலுக்குள் இறங்கி, மண்ணைக் காலால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான்தான் போலருக்கு."