பத்து விதைப் பாடம்

நான் படித்தது ஏழாம் வகுப்பு வரைக்கும்தான். படித்ததில் பாதி அடுப்படியிலும் மீதி மாட்டுக் கொட்டகையிலும் மறந்து போயிற்று. பதினாறாம் வாய்ப்பாட்டை இப்போது யாராவது கேட்டால் முழிப்பேன். ஆனால் மூன்றாம் வகுப்பில், ஒரு ஆனி மாதத்தில், ஒரே ஒரு வாரம் படித்த பாடம் மட்டும் அப்படியே மனதில் நிற்கிறது. மறக்கும்படி அம்மன் விடவில்லை.

எழுபத்துச் சொச்சத்தில் நடந்தது. எங்கள் ஊர் எருத்தேன்பதிப் பக்கம். கேரளா என்று பேர்தானே தவிர, வெள்ளாமையும் பேச்சும் சாமியும் பொள்ளாச்சிப் பக்கத்தைப் போலத்தான். பள்ளிக்கூடமும் தமிழ்ப் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பில் நாங்கள் பத்தொன்பது பேர். டீச்சர் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து மண்ணில் எத்தனை வகை, வேர் என்ன செய்யும், இலை என்ன செய்யும் என்று நடத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நாங்கள் தினமும் மிதித்துக்கொண்டு வருகிற சங்கதி. கரிசல் மண் என்று டீச்சர் சொன்னதும் என் பக்கத்தில் உட்காரும் சரசு எழுந்து, தன் காலில் ஒட்டியிருந்ததைக் காட்டி, "இதுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்தது விதை முளைக்கும் பாடம்.

"நாளைக்கு ஒவ்வொருத்தரும் உங்க ஊட்டுல இந்த வருஷம் வெதைக்கப் போற வெதையில பத்து கொண்டாரோணும். ஒம்பதும் வேண்டாம், பதினொண்ணும் வேண்டாம்" என்றார்கள் டீச்சர்.

தேங்காய்ச் சிரட்டையில் ஈரத் துணியைப் போட்டு, அதில் பத்து விதையை வைத்து, மேலே இன்னொரு ஈரத் துணியால் மூட வேண்டும். திங்கட்கிழமை வைத்தால் வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"வெதைக்கு உசுரு இருக்குதான்னு அதுகிட்டயே கேக்கறோம். அது என்ன சொல்லுதோ அத எழுதி வெக்கறோம். அவ்வளவுதான் பாடம்."

எங்கள் வீட்டில் அந்த வருஷம் விதைக்கக் கடலைக்காய் இல்லை. முந்தைய வருஷம் மழை ஏமாற்றிவிட்டது; விளைந்த கொஞ்சமும் செலவாகிவிட்டது. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, இரண்டு மூட்டை விதைக்கடலையை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அப்பா ஒரு காயை உடைத்து, பருப்பைக் கடித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அம்மாவுக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை.

"எங்கண்ணன் ஊட்டு வெதைங்க. சொத்தையாவா குடுத்துருவாரு?"

"நான் ஒண்ணுமே சொல்லலியே" என்றார் அப்பா வாசலிலிருந்து.

அந்த மூட்டையிலிருந்துதான் நான் பத்து எடுத்துக்கொண்டு போனேன். சரசுவும் அவர்கள் வீட்டுக் கடலையே கொண்டுவந்திருந்தாள். இரண்டு சிரட்டையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர்ச்சீட்டு.

புதன்கிழமை சரசுவின் கடலை மூக்கு நீட்டிவிட்டது. வியாழக்கிழமை ஒன்பது வெள்ளை மூக்குகள். என்னுடையதில் இரண்டு. மற்ற எட்டும் ஊதி, தோல் வழுவழுத்துக் கிடந்தன.

"உங்கூட்டுக் கடலைக்கு இன்னும் பொழுதே விடியலையாட்ட இருக்குது புள்ள" என்றாள் சரசு.

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. காரணம் அந்தப் பங்குனியில் நடந்தது.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, முளைப்பாரி போட்டிருந்தாள். மண்சட்டியில் எருவும் மண்ணும் கலந்து, தானியம் தூவி, வெயில் படாத அறையில் வைத்து, விரதமிருந்து தண்ணீர் தெளித்துவந்தாள். முளைப்பாரி செழிப்பாக வந்தால் அந்த வீடு விளங்கும். சொட்டையாக வந்தால் அந்த வீட்டில் ஏதோ குறை என்று ஊரே பார்க்கும். அத்தையின் சட்டியில் பாதிதான் முளைத்தது. அவள் கல்யாணத்துக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். அத்தை மூலையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா கதவைச் சாத்தினாள். அடர்த்தியாக வந்திருந்த பக்கத்து வீட்டுச் சட்டியிலிருந்து ஒரு பிடியை வேரோடு வாங்கி வந்து, சொட்டை விழுந்த இடத்தில் ஊன்றினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெளிய சொன்னீன்னா நாக்கு அழுகிப் போயிரும், பாத்துக்க."

கோயிலுக்கு எடுத்துப் போனபோது எங்கள் வீட்டு முளைப்பாரியைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். வைகாசியில் அத்தைக்கு நல்ல இடத்தில் கல்யாணமும் நடந்தது. அம்மனும் ஒன்றும் கேட்கவில்லை. ஆக, விதை முளைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை, டீச்சர் பாடம் நடத்தும் முன்பே வீட்டில் படித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பைக் கூட்டும் முறை என்னுடையது. எல்லாருக்கும் முன்னால் போனேன். "மாரியாத்தா, எங்கூட்டுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று கும்பிட்டேன். என் சிரட்டையின் அடியிலிருந்த சீட்டை எடுத்துச் சரசுவின் சிரட்டைக்கு அடியிலும், அவள் சீட்டை என்னுடையதற்கு அடியிலும் வைத்தேன். பிறகு சுத்தமாகக் கூட்டினேன். அன்றைக்கு மூலை முடுக்கெல்லாம் கூட்டினேன்.

டீச்சர் ஒவ்வொரு சிரட்டையாகத் திறந்து கரும்பலகையில் எழுதினார்கள். என் பெயருக்கு நேரே ஒன்பது. சரசுவின் பெயருக்கு நேரே இரண்டு.

"இது எம்பட செரட்டை இல்லீங் டீச்சர்!" என்று சரசு அழ ஆரம்பித்தாள். "நேத்து ஒம்பது இருந்துச்சுங் டீச்சர்!"

"அழுவாத கண்ணு. இதுல பாசும் இல்ல, பெயிலும் இல்ல" என்று சொல்லி அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்கள் டீச்சர். "வெதை சொன்னத நாம மாத்தி எழுதக் கூடாது. செரட்டைய ஊட்டுக்குக் கொண்டு போயி அப்பாகிட்டக் காட்டுங்க."

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நான் நனைந்துகொண்டே சிரட்டையோடு வீட்டுக்குப் போனபோது அப்பா ஒரு ஈரச் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். விதைக்கும் முன்னால் ஒரு பிடியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பைப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் வருஷா வருஷம் நடப்பதுதான். அதையும் பள்ளிக்கூடத்துப் பாடத்தையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

அம்மா என் கையிலிருந்த சிரட்டையை வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்து போயிற்று.

"பாத்தீங்களா? எங்கண்ணன் குடுத்த வெதை. பத்துக்கு ஒம்பது மொளைச்சிருக்குது."

அப்பா ஒவ்வொரு முளையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஆகாயத்தையும் ஒரு தரம் பார்த்தார்.

"நான் சாக்குல போட்டுப் பாக்கறதுக்குள்ள அஞ்சு நாளாயிரும். ஈரம் போயிரும். அதான் நம்ம அம்மிணி பாத்துட்டாளே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சாக்கை மடித்து வைத்துவிட்டார்.

மூன்று நாள் விதைப்பு நடந்தது. அப்பா ஏர் பிடிக்க, பின்னாலேயே பெண்கள் உழுத சாலில் கடலை போட்டுக்கொண்டு போனார்கள். நானும் மடியில் கட்டிக்கொண்டு போட்டேன். ஒவ்வொரு விதைக்கும் "மொளைக்க வெச்சுரு தாயே" என்று சொல்லிச் சொல்லிப் போட்டேன். என் பக்கத்தில் வந்த பெண், "இந்தப் புள்ள என்னமோ முணுமுணுத்துக்கிட்டே வருது பாருங்க்கா" என்று அம்மாவிடம் சொன்னாள். நான் வாய்ப்பாடு சொல்லிப் பார்க்கிறேன் என்று அம்மா பெருமையாகப் பதில் சொன்னாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் விதைத்த காடு முழுக்கப் பச்சைக் கோடு ஓடியிருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. சொட்டை விழுந்த தலையைப் போலிருந்தது காடு. அப்பா ஒரு சாலில் குனிந்து விரலால் மண்ணைக் கிளறினார். உள்ளே இருந்ததை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தூர எறிந்தார்.

அன்றைக்குச் சோறு போடும்போது அப்பா, "வெதைதான் ஏமாத்திருச்சாட்ட" என்று மெல்லச் சொன்னார்.

அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "பத்துக்கு ஒம்பது மொளைச்சத நீங்களும்தான பாத்தீங்க? புள்ள என்ன பொய்யா சொல்லுவா? வெதைல குத்தமில்லீங்க. எங்கண்ணன் மேல எதுக்குங்க பழி?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் எனக்கு அடி விழும் என்பது மட்டுமில்லை, அம்மாவின் பக்கத்தில் நிற்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். அந்த வயதிலேயே அவ்வளவு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

 "அப்படின்னா நாமதான் அம்மனுக்கு ஏதோ கொறை வெச்சுட்டமாட்ட இருக்குது" என்றார் அப்பா. முந்தைய வருஷம் நேர்ந்துகொண்டு செய்யாமல் விட்ட பொங்கல் ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

அப்பா கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். குற்றம் செய்தவரைப் போல இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று, "அப்பாகிட்டச் சொல்லீராத தாயே" என்று வேண்டினேன். ஒரே சன்னிதியில், ஒரே நேரத்தில், ஒருத்தர் என்ன தப்பு என்று கேட்கிறார், இன்னொருத்தி அதைச் சொல்லாதே என்கிறாள். அம்மன் யார் பேச்சைக் கேட்பாள்?

திரும்பும் வழியில் சரசுவின் அப்பா தன் காட்டில் நின்றிருந்தார். எங்கள் காட்டுக்கு அடுத்த வரப்பு. அவர்கள் காட்டில் கடலை கோடு போட்டதைப் போல வந்திருந்தது.

"ஏனுங் மாப்ள, ஒரு அதிசயத்தக் கேட்டீங்களா?" என்று அவர் சத்தமாகக் கூப்பிட்டார். "பள்ளிக்கூடத்துல எம்பட புள்ள போட்டதுல ரெண்டுதானுங்க மொளைச்சுது. ஊட்டுக்கு வந்து ஒரே அழுவாச்சி, அது எம்படதே இல்லைன்னு. எனக்கு மனசு கேக்காம மறுபடி சாக்குல போட்டுப் பாத்தனுங்க. அத்தனையும் மொளைச்சுப் போச்சு! பள்ளிக்கூடத்துப் பாடம் நம்ம காட்டுக்கு ஆவாது போங்க." சிரித்துவிட்டுக் கேட்டார்: "உங்க அம்மிணிதுல ஒம்பது மொளைச்சுதாமா?"

 அப்பா அவர்கள் காட்டைப் பார்த்தார். எங்கள் காட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"ஆமாங்க. ஒம்பதுதான்" என்றார்.

வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.  அப்பாடா, அம்மன் சொல்லவில்லை என்று நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். மறுநாள் சரசுவுக்கு என் புதுக் கண்ணாடி வளையல் இரண்டைக் கொடுத்தேன். 

சொட்டை விழுந்த காட்டை அப்பா உழுதுவிட்டுக் கொள்ளு விதைத்தார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல். தீபாவளிக்குப் புதுத்துணி எனக்கு மட்டும் எடுத்தார்கள். மாமா வந்தபோது, அவர் தயங்கித் தயங்கி, "போன ஐப்பசில எங்க கூரை ஒழுகுச்சுங் மாப்ள, அதுல கடலைக்கு ஈரம் பட்டுருச்சோ என்னமோ" என்று ஆரம்பித்தார். அப்பா முடிக்க விடவில்லை. "அதெல்லாம் இல்லீங்க மச்சா. வெதைல ஒண்ணும் கொறையில்ல. மழைதான் ஏமாத்திப் போடுச்சு" என்றார். அம்மா உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவுக்கு என் ஒன்பதின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆனி வந்தது. நான் நான்காம் வகுப்பு. விதைப் பாடம் கிடையாது. ஒருநாள் பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில், அப்பா கூப்பிட்டார். என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, அந்த வருஷத்து விதைக்கடலையை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். பத்து.

"உங்க டீச்சர் சொல்லிக் குடுத்தாப்ல போட்டுப் பாரு சாமி."

"எத்தன மொளைக்கோணுங்கப்பா?" என்று கேட்டேன்.

 "எத்தன மொளைக்குதோ அத்தனதான்" என்றார் அப்பா.

அந்த ஐந்து நாளும் சாமி மாடத்துக்குக் கீழேயே சிரட்டையை வைத்திருந்தேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். விளக்கு வைக்கும்போது அதையும் சேர்த்துக் கும்பிட்டேன். ஐந்தாம் நாள் எண்ணிப் பார்த்தால் ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழுதான். சரசு வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது; மூன்று முளை வாங்கி வந்திருக்கலாம். போகவில்லை. சிரட்டையை அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏழுங்கப்பா."

அப்பா கலப்பைக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தார். "ஏழா? செரி. அப்படின்னா கொஞ்சம் நெருக்கமாப் போடோணும்" என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு இன்னும் அரை மூட்டைக் காய் உடைக்கச் சொன்னார். மறுநாளே விதைத்தார்.

நான் சிரட்டையை நீட்டிக்கொண்டே நின்றேன். அப்பா அதற்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஈரச் சாக்கும் அந்த வருஷம் போடவில்லை. இத்தனை பக்தியாக முளைக்க வைத்ததை ஒரு பார்வை பார்க்கவில்லையே என்று எனக்கு அன்றைக்கு அழுகை அழுகையாக வந்தது.