தெற்கிலிருந்து வந்த விருந்தாளி

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. ஆனால் நடந்தது. தேதியும் மணியும் இன்னும் மறக்கவில்லை.

என் பெயர் மிஃப்தாஹ். எகிப்தில், இரண்டாம் உலகப் போர் நடந்த அலமைனுக்குத் தெற்கே ஆடு வளர்க்கிறேன். என் அப்பா சின்ன வயதில் பாலைவனத்தில் ஓர் எலும்புக்கூட்டின் பக்கத்தில் ஒரு பட்டாளத்துக் குவளையை எடுத்தார். அடியில் 'ஒத்தாவியோ' என்று ஓர் இத்தாலியப் பெயரும் ஓர் ஊர்ப் பெயரும் கீறியிருந்தன. "செத்தவன் பொருள்டா. அவன் வீட்ல சேர்த்துடு," என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார்.

ஆறு வருடம் அலைந்தேன். எத்தனை அலுவலகம், எத்தனை கடிதம்... சலித்துப் போனது. கடைசியில் 1988 ஏப்ரலில், இத்தாலியர் கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் ஃபராஜ் ஒரு முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 14. பகல் இரண்டு பத்து. மணல்காற்று.

ஓர் இளைஞன் நடந்து வந்தான். வெளிநாட்டு முகம். எண்ணெய்க் கம்பெனிக்காரன், வழி தவறியிருப்பான் என்று நினைத்தேன். வந்தது தெற்கிலிருந்து. அங்கே முழுக்கக் கண்ணிவெடி. என் நாய்கள் குரைக்கவில்லை.

பாலைவனத்து மக்களான எங்களிடம் ஒரு வழக்கம். விருந்தாளியிடம் மூன்று நாள் பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. அவர் எதைக் கேட்டாலும் நாம் பதில் சொல்ல வேண்டும். பாய் விரித்தேன். ஆடு அறுத்தேன்.

அவன் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான்.

"உங்க விருந்தாளிக்கு வயிறா, கிணறா?" என்றாள் என் மனைவி மப்ரூக்கா.

"காதுல விழப்போவுது. சும்மா இரு."

"யாருன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"மூணு நாள் ஆவட்டும். ஊர் காறித் துப்பவா?"

மறுநாள் காலை அவன் பாயைத் தூக்கி உதறினேன். அடியில் மணல் சொதசொதவென்று நனைந்திருந்தது. குடித்த தண்ணீர் அத்தனையும்...

மப்ரூக்காவிடம் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள், ஏப்ரல் 16. மாலை நான்கு மணி. மாடத்திலிருந்த குவளையை அவனே எடுத்தான். கவிழ்த்தான். பெயரைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

"இவன் வீடு எங்க?" அரைகுறை அரபியில் கேட்டான்.

விருந்தாளி கேட்டால் சொல்லத்தானே வேண்டும். முகவரித் தாளை எடுத்துப் படித்தேன்.

"மறுபடியும்."

மறுபடியும் படித்தேன்.

ஏப்ரல் 17. மூன்று நாள் கெடு முடிய ஐந்து நிமிடம். கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு ஐந்துக்கு எழுந்தான்.

குவளையை வைத்தான்.

வடக்கே நடந்தான். கடல் பக்கம்...

"தம்பி, நீ யாரு?"

திரும்பவில்லை.

காற்று மட்டும்.

விட்டது சனி என்று குவளையைத் தபாலில் அனுப்பினேன். ஜூனில் பதில் வந்தது. ஃபராஜ் படித்துச் சொன்னார். எழுதியது ஒத்தாவியோவின் மகள்.

ஒத்தாவியோ சண்டையில் சாகவே இல்லையாம். அடிபட்டுக் கிடந்த கூட்டாளியிடம் தன் குவளையைக் கொடுத்து, "ஒரு மணி நேரத்துல தண்ணி கொண்டாரேன்" என்று போனவர், திரும்பிப் போகவே இல்லை. ஊர் திரும்பி, கல்யாணம் செய்து, அறுபத்தெட்டு வயது வரை வாழ்ந்திருக்கிறார். அந்தக் கூட்டாளியின் பெயரை மட்டும் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

ஏப்ரல் 17 அன்று, பிற்பகல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்திருக்கிறார். குளிப்பாட்டும்போது வாயைத் திறந்து பார்த்தார்களாம். தொண்டை வரை மணல். எங்களுடையது மலையூர், இங்கே மணலே கிடையாது என்று எழுதியிருந்தாள்.

அப்பாவுடைய முகவரி உங்களைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டிருந்தாள். நான் பதில் எழுதவில்லை.