அப்பாவின் ஐந்தாவது ரொட்டி

சூடான வார்னிஷ் வாசம்... எங்கள் அப்பாவின் சட்டை என்றால் எனக்கு அதுதான். காரைக்குடியில், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டி வார்னிஷ் பூசும் கடை வைத்திருக்கிறார். கல்லல் பக்கத்து பம்ப்செட் மோட்டார், கல்யாண வீட்டு கிரைண்டர், மிக்ஸி எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, சில நாட்கள் அந்தச் சட்டையில் ஈஸ்ட் வாசமும் சேர்ந்து அடித்தது.

தங்கை வள்ளி அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பால் பவுடர் கலந்த ரொட்டியைத் தெரியாமல் தின்று உதடு வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அதன் பிறகு கடை ரொட்டி எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை.

அவள் பள்ளியில் 'அடுப்பில்லாச் சமையல்' நாள் என்று அறிவித்தார்கள். எல்லோரும் ரொட்டி கொண்டுவந்து வகுப்பிலேயே சாண்ட்விச் செய்ய வேண்டும். வள்ளி மட்டும் பழம் கொண்டுவந்தால் போதும் என்று டீச்சர் அன்பாகத்தான் சொல்லியனுப்பினார்.

"எல்லாரும் சாண்ட்விச் செய்வாக. நான் மட்டும் வாழப்பழம் உரிக்கணுமா?"

அவள் அழவில்லை... அதுதான் அப்பாவை என்னவோ செய்துவிட்டது.

எங்கள் வீட்டில் ரொட்டி சுடும் ஓவன் கிடையாது. அம்மா தோசைக்கல்லில் முயன்றதில் தடித்த சப்பாத்திதான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறினார், ரொட்டி மிஷின் வாங்க.

கடையில் இரண்டு மாடல் இருந்தன. ஒன்றில் பத்தொன்பது மெனு, பளபளவென்று இருந்தது. இன்னொன்று சாதாரணம். அப்பா இரண்டையும் தூக்கி எடை பார்த்தார். கவிழ்த்தார். உள்ளே மாவு பிசையும் துடுப்பை விரலால் சுழற்றினார்.

"இந்தத் துடுப்பு தேஞ்சு போனா தனியாக் கிடைக்குமா? பாத்திரத்தோட கோட்டிங் போயிட்டா?"

"சார், வர்றவங்க எல்லாம் கேக் வருமா, ஜாம் வருமான்னு கேப்பாங்க. நீங்க ஸ்க்ரூ எண்ணுறீங்க" என்றார் விற்பனையாளர்.

"ஜாம் எதுக்குங்க? நமக்கு ரொட்டி வந்தாப் போதும்."

உதிரிபாகம் கிடைக்கும் என்று உறுதியானதும் அந்தச் சாதாரண மிஷினை வாங்கினார். வரும் வழியெல்லாம் நான் மிஷினோடு வந்த ஆங்கிலக் குறிப்புப் புத்தகத்தைத் தமிழில் படித்துச் சொல்ல, அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

முதல் ரொட்டி நடுவில் குழி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதன் உள்ளே களி மாதிரி இருந்தது. நான்காவதை அம்மா தட்டில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "நம்ம கல்லுக்கட்டிப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமுன்னு யாரு சொன்னாக?" என்றார்.

கடையில் ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு சாமானிலும் அப்பா ஒரு அட்டை கட்டுவார். கோளாறு, காரணம், செய்த வேலை என்று மூன்று வரி. ரொட்டிக்கும் அதே அட்டைதான். மாவு எத்தனை கிராம், தண்ணீர் எவ்வளவு, மிஷின் ஓடும்போது தான் என்ன செய்தார்... ஒன்று விடாமல் எழுதியிருந்தார்.

வியாழன் சாயங்காலம் நான்கு அட்டைகளையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தார். நான்கிலும் ஒரு வரி மாறாமல் இருந்தது: 'மோட்டார் முனகியது. தண்ணீர் இரண்டு கரண்டி.'

கிரைண்டரில் மாவு இறுகி மோட்டார் திணறினால் உடனே தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் காயில் கருகிவிடும். இருபது வருடப் பழக்கம். மிஷின் முனகிய ஒவ்வொரு முறையும் அவர் கை தானாக மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறது; அந்தத் தண்ணீர்தான் ரொட்டியைக் கெடுத்திருக்கிறது.

அப்பா பேனாவை எடுத்து நான்காவது அட்டையில் காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'மெக்கானிக்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. தன் தப்பை அவ்வளவு தெளிவான கையெழுத்தில் எழுதிய ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் வெள்ளி. சனிக்கிழமை வள்ளிக்குச் சமையல் நாள். இன்னொரு தப்புக்கு இடமில்லை. வெயில் காலம் என்பதால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டையும் கொஞ்சம் குறைத்தார். பால் பவுடருக்கு இடமே இல்லை. மிஷின் சுற்றியது... திணறியது... முனகியது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கால் மட்டும் முன்னே போனது.

"ஏங்க, அங்குட்டுப் போய் நில்லுங்க! அதுபாட்டுக்குச் சுத்தட்டும்" என்றார் அம்மா.

"கஷ்டப்படுதுடி..."

"படட்டும். அதுக்குத்தானே வாங்கினீக?"

ஐந்து நிமிடத்தில் முனகல் அடங்கியது. கண்ணாடி வழியே பார்த்தோம். மாவு ஓரத்தில் ஒட்டாமல், வழுவழுவென்று ஒரே உருண்டையாகத் திரண்டிருந்தது. மூன்று மணி நேரம் கழித்து ரொட்டி மேலே வளைந்து, பொன்னிறமாக நின்றது. சூட்டோடு வெட்டப் போன வள்ளியின் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆறிய பிறகுதான் துண்டு சீராக வரும்.

சனிக்கிழமை வள்ளி வீடு வந்ததும் முதலில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். காலி. "ரெண்டு பேரு எங்கிட்ட வாங்கித் தின்னாக அப்பா!"

இப்போது நான் பிளஸ் ஒன். வள்ளிக்கு ஒன்பது வயது. போன வருடம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்துப் பார்த்த டாக்டர், இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் அவளுக்கு பேக்கரி பன்தான் பிடிக்கும். மிஷின் மாதத்துக்கு ஒருமுறை சுற்றினால் அதிகம்.

போன வாரம் அந்தச் சமையல் நாளை அவளுக்கு நினைவூட்டினேன். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லயே" என்றாள் பன்னை மென்றுகொண்டே. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த ஐந்து ரொட்டிக் கதையையும் முதலிலிருந்து சொல்லப் போனேன்.

"விடு ஆத்தா" என்றார் அப்பா. "அன்னைக்கு வாழப்பழம் கொண்டு போயிருந்தா ஞாபகம் வச்சிருப்பா."

வள்ளி பன்னில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள். அப்பா வாங்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அது மெல்ல மேலே எழும்பி வந்தது.

"நல்லா போட்டிருக்காக" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.