தீட்டுக் கோழி

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நான் பெரியவளானேன். எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடையில், கோழிக்கூட்டை ஒட்டிய சாய்ப்பில் எனக்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர் கொடுத்துப் பதினாறு நாளுக்கு உட்கார வைத்தார்கள். வாசலுக்குக் குறுக்கே ஓர் உலக்கை கிடந்தது. அதைத் தாண்டிப் பேய் வராது என்றாள் அம்மா. அம்மாவும் வரவில்லை, தங்கச்சியும் வரவில்லை. தாண்டி வந்தது வீட்டில் இருந்த ஒரே கோழி, எங்கள் கருப்புப் பெட்டை மட்டும்தான்.

விடிந்ததும் உலக்கைக்கு அந்தப் பக்கம் நின்றபடி அம்மா ஒரு முட்டையைத் தரையில் வைத்து நகர்ந்துகொள்வாள். நானே உடைத்துப் பச்சையாக வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அதே ஓட்டில் நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்க வேண்டும். இடுப்புக்குப் பலமாம். துப்பினால் இன்னொரு ஓடு எண்ணெய் வரும். கடை முட்டை ஆகாது, நம் கோழி போட்ட நாட்டு முட்டைதான் என்று அம்மா கறாராக இருந்தாள். முட்டையே போடக்கூடாது என்று நான் தினமும் சாமி கும்பிட்டேன்.

எட்டாம் நாள் சாமி காது கொடுத்தது. முட்டை இல்லை. எனக்கு அன்றைக்குப் பொங்கலும் தீபாவளியும் ஒன்றாக வந்ததுபோல இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் கோழியைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து, வாலை ஏற்றி இறக்கி முக்கியது. கூட்டுக்குள் போய் உட்காரும், வெறுமனே எழுந்து வரும். கடைசியில் என் பாயோரம் வந்து கண்ணை மூடி நின்றது.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ஓர் அத்தை இருந்தார். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, முட்டை வழியில் நிற்கிறது, வெந்நீரில் செத்த நேரம் உட்கார வைத்து எண்ணெய் தடவினால் வந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு வேறு யோசனை. ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸாக இருந்த என் தாய்மாமா, சடங்குக்கு நேரம் குறிக்க மறுநாள் வருவதாக இருந்தது.

“சாகுறதுக்கு முந்தி அறுத்துட்டா ஆச்சு. நாளைக்கு ஒம் மாமா வாராக, கறிக்கு எங்க போக?”

ஒன்பது நாளாக என்மேல் உரசிய ஒரே உயிர் அது. அதையும் குழம்பாக்கி ஒரு போலீஸ்காரருக்கு ஊற்றப் போகிறார்கள் என்றதும் எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது.

மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம். நான் குளிக்க வைத்திருந்த வெந்நீரை வாளியில் ஆற்றி, கோழியைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தேன். கொத்தும் என்று பயந்தேன். அதுவோ ஏதோ குற்றாலத்துக்கு வந்த மாதிரி சொகுசாக உட்கார்ந்துகொண்டது. பிறகு, அன்றைக்கு ஓடு இல்லாமல் தம்ளரில் ஊற்றி வைத்திருந்த என் பங்கு நல்லெண்ணெயை அதன் பின்பக்கம் தடவினேன். அந்த எண்ணெய் சரியான இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். பாவாடையால் ஈரம் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, போட்டுவிட வேண்டும் என்று அதே சாமியைக் கும்பிட்டேன். சாமி என்ன நினைத்ததோ.

காபி நேரத்துக்கு முட்டை வந்தது. கொஞ்சம் நீளம், மேலே ஒரு ரத்தக் கோடு. கோழி ஊரைக் கூட்டிக் கத்தியது. அம்மா வந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஆனால் ஒற்றை முட்டையை வைத்து மாமாவுக்கு என்ன செய்வது, அறுக்கத்தான் வேண்டும் என்றாள்.

“நான் அதத் தொட்டுட்டேம்மா. மடியிலதான் வச்சிருந்தேன்.”

கோழியைப் பிடிக்க நீட்டிய கையை அம்மா சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“தீட்டாக்கிட்டியே, ஏட்டி.”

சீக்குக் கோழியை மாமாவுக்குப் போடலாம், தீட்டுக் கோழியைப் போடக்கூடாது. என்னை மூலையில் உட்கார வைத்த சட்டம் ஒரு கோழியையாவது காப்பாற்றியதே என்று நான் பூரித்துப் போனேன். மறுநாள் மாமா கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, நேரம் குறித்துக்கொடுத்து பஸ் ஏறினார். தீட்டுக் கோழியின் முட்டையை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது என்பதால் அது போட்ட அத்தனையும் எனக்கே வந்தது. ஒன்றைக்கூடத் துப்பவில்லை.

பதினாறாம் நாள் மஞ்சள் நீர் ஊற்றி என்னைச் சுத்தமாக்கினார்கள். மிச்சத் தண்ணீரை அம்மா கோழி மேலும் தெளித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மஞ்சள் நீர் எதற்கென்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சடங்குக்குச் சீர் கொண்டுவந்த மாமா மறுநாள் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். பதினாறு நாள் கழித்து என்னையும் எல்லோரோடும் கூடத்தில் உட்கார வைத்து இலை போட்டார்கள். அம்மா குழம்புச் சட்டிக்குள் தேடி ஈரலை எடுத்து என் இலையில் வைத்தாள். இடுப்புக்குப் பலம் என்றாள்.